அந்த முகம் யாருக்குச் சொந்தம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் முதல் வாரத்திலேயே செய்யும் வேலை ஒன்று உண்டு. செல்போனிலும் பழைய சிடிக்களிலும் சிதறிக் கிடக்கும் குடும்பப் படங்களை எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அது. கல்யாண ஆல்பம், குழந்தையின் முதல் பிறந்த நாள், தாத்தா பேசிய இரண்டு நிமிட வீடியோ என்று ஃபோல்டர் ஃபோல்டராக அடுக்கி வைப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் இந்தப் படங்கள் இனி வெறும் நினைவுப் பொருட்கள் அல்ல. இவற்றை மூலப்பொருளாக வைத்து, அதே மனிதரைப் போல நிற்கவும் நடக்கவும் பேசவும் கூடிய ஓர் உருவத்தை உருவாக்கிவிட முடியும். அப்படி உருவாக்கலாமா, யாரிடம் கேட்டுவிட்டு உருவாக்க வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் விர்ச்சுவல் ரியாலிட்டி பற்றி இரண்டு வரி. தமிழில் இதை மெய்நிகர் உண்மை என்கிறார்கள். கண்களை முழுதாக மூடும் ஒரு கருவியைத் தலையில் மாட்டிக்கொள்கிறீர்கள். அதற்குள் இரண்டு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரண்டு படங்கள் தெரியும். மூளை இரண்டையும் சேர்த்து ஆழமுள்ள ஒரே காட்சியாகப் புரிந்துகொள்ளும். தலையைத் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்பும். சில நிமிடங்களில் நம் வீட்டு அறை மறந்துபோகும். விமானம் ஓட்டப் பழகுபவர்களுக்கும் அறுவை சிகிச்சை கற்கும் மாணவர்களுக்கும் இது பெரிய உதவி. அந்தக் காட்சிக்குள் ஒரு நிஜ மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கொரியாவில் ஒரு தாய்

2020 பிப்ரவரியில் தென் கொரியாவின் எம்.பி.சி. தொலைக்காட்சி ஓர் ஆவணப் படத்தை ஒளிபரப்பியது. 'உன்னைச் சந்தித்தேன்' என்பது அதன் தலைப்புக்கு அர்த்தம். 2016-ல் ரத்தம் தொடர்பான அரிய நோய் ஒன்றால் 7 வயதில் இறந்துபோன ஒரு சிறுமியை அவளுடைய தாய் விர்ச்சுவல் ரியாலிட்டியில் மீண்டும் சந்திப்பதுதான் படம்.

ஸ்டுடியோவில் பச்சைத் திரைக்கு நடுவே அந்தத் தாய் நிற்கிறார். தலையில் கருவி, கைகளில் சென்சார் வைத்த உறைகள். அவர் கண்ணுக்குத் தெரிவது ஒரு பூங்கா. அடுக்கி வைத்த விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து மகள் ஓடி வருகிறாள். இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய், என்னை நினைத்தாயா என்று கேட்கிறாள். தாய் கை நீட்டித் தடவுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர் வெறும் காற்றைத் தடவுவது தெரிகிறது. பிறந்த நாள் கேக், மெழுகுவர்த்தி எல்லாம் வருகின்றன. கடைசியில் சிறுமி தூங்கிப்போக, ஒரு வண்ணத்துப்பூச்சி பறந்து செல்கிறது. குடும்பத்தினர் ஸ்டுடியோவில் உட்கார்ந்து அழுதபடி பார்க்கிறார்கள். யூடியூபில் இந்தக் காட்சியை ஒரு கோடிக்கும் அதிகமான முறை மக்கள் பார்த்துவிட்டார்கள்.

இதை எப்படிச் செய்தார்கள்? பல மாதங்கள் பிடித்த வேலை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை ஒரு மனித உருவம் என்பது ஆயிரக்கணக்கான சிறு முக்கோணங்களை ஒட்டிச் செய்த ஒரு கூடு. அதன் மேல் தோலின் நிறமும் முகத்தின் சாயலும் படமாகப் போர்த்தப்படும். உள்ளே எலும்புக்கூடு போன்ற ஓர் அமைப்பை வைத்தால் கை கால்களை அசைக்கலாம். இந்தச் சிறுமியின் முகச்சாயல் குடும்பத்தாரிடம் இருந்த படங்களிலிருந்தும் வீடியோக்களிலிருந்தும் கிடைத்தது. அசைவுகள் வேறொரு குழந்தையை நடிக்கவைத்துப் பதிவு செய்தவை. வீடியோக்களில் கிடைத்த குரல் மிகக் கொஞ்சம் என்பதால், அதே வயதுக் குழந்தைகளின் குரல்களையும் சேர்த்தே பேச்சை உருவாக்கினார்கள். பேசிய வசனம்? அதை எழுதியவர்கள் நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள்.

அதாவது, முகம் ஒருத்தியுடையது, நடை இன்னொரு குழந்தையுடையது, குரலில் பாதி மற்றவர்களுடையது, சொற்கள் பெரியவர்கள் எழுதியவை. தாய்க்குத் தெரிந்ததோ தன் மகள். ஓர் அழகான கனவு கண்டது போல் இருந்தது என்ற பொருளில்தான் அவர் பிறகு பேசினார். இதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. எனக்கும் வரவில்லை.

ஆனால் சிறுமியிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. அவளுக்காகப் பெற்றோர் சம்மதம் தந்தார்கள். சம்மதம் எதற்கு என்பதில்தான் எனக்குச் சந்தேகம். ஒரு தாய் ஒரு முறை, ஓர் அறைக்குள் மகளைப் பார்ப்பது வேறு. அதையே ஊருக்கு ஒளிபரப்பி, விளம்பரத்துக்கு நடுவே காட்டுவது வேறு. முதலாவதுக்குத் தாயின் சம்மதம் போதும் என்று நினைக்கிறேன். இரண்டாவதுக்கு அது போதாது. அந்தக் குழந்தை பெரியவளாகி இருந்தால் வெட்கப்பட்டு மறுத்திருக்கலாம் அல்லவா?

இதே தொடரில் 2021-ல் இன்னொரு படம் வந்தது. 2018 டிசம்பரில் அனல் மின் நிலையம் ஒன்றின் கன்வேயர் பெல்ட்டில் சிக்கி இறந்த 24 வயது ஒப்பந்தத் தொழிலாளி பற்றியது. அவர் வேலை பார்த்த இருட்டான இடத்தைப் பொதுமக்கள் கருவியை மாட்டிக்கொண்டு நேரில் பார்ப்பது போல் பார்த்தார்கள். உருவம் இங்கே ஆறுதலுக்காக வரவில்லை. ஒரு மரணம் எப்படி நேர்ந்தது என்பதைக் காட்ட வந்தது. தொழில்நுட்பம் ஒன்றுதான். நோக்கம் மாறியதும் நம் மனம் எடை போடும் விதமும் மாறிவிடுகிறது பாருங்கள்.

கேட்டுச் செய்த வேலை

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷோவா அறக்கட்டளை, நாஜி வதை முகாம்களில் உயிர் தப்பியவர்களின் சாட்சியங்களைச் சேகரித்து வைக்கும் அமைப்பு. அவர்கள் முதலில் பதிவு செய்தவர்களில் ஒருவர் பிங்கஸ் குட்டர். போலந்தில் பிறந்தவர். மைதானெக் முகாமுக்குச் சிறுவனாகக் கொண்டுசெல்லப்பட்டு, குடும்பத்தை இழந்து, தப்பி வந்தவர்.

அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிலும் கேமராக்களும் விளக்குகளும் பொருத்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளைப் பல நாட்கள் கேட்டார்கள். அவர் சொன்ன பதில் ஒவ்வொன்றும் தனித்தனி வீடியோவாகச் சேமிக்கப்பட்டது. இன்று அருங்காட்சியகத்தில் ஒரு மாணவி மைக்கில் கேள்வி கேட்டால், கம்ப்யூட்டர் அந்தக் கேள்வியைப் புரிந்துகொண்டு பொருத்தமான பதில் வீடியோவைத் தேடி எடுத்து ஓட்டும். தேடி எடுப்பது மட்டுமே அதன் வேலை. அவர் சொல்லாத ஒரு வாக்கியத்தை அது தானாக உருவாக்குவதில்லை. பொருத்தமான பதில் இல்லாவிட்டால், வேறு கேள்வி கேளுங்கள் என்பது போன்ற பதில் வரும். அதையும் அவரே பேசிப் பதிவு செய்திருக்கிறார்.

அவரை மீண்டும் மைதானெக்குக்கு அழைத்துச் சென்று, 2017-ல் வெளியான 'தி லாஸ்ட் குட்பை' என்ற விர்ச்சுவல் ரியாலிட்டி படமும் எடுத்தார்கள். கருவியை மாட்டினால் அவர் பக்கத்திலேயே நாமும் முகாமுக்குள் நடக்கலாம். யார் பார்ப்பார்கள், எதற்காகப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே பேசினார்.

சாஃப்ட்வேர் எழுதுபவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பதில்களை இட்டுக்கட்டும் புரோகிராம் எழுதுவது இன்று கடினமான வேலை அல்ல. அந்த வசதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதை வேண்டாம் என்று வைத்திருப்பதுதான் பெரிய விஷயம். சாட்சியின் வாயில் ஒரு பொய் வாக்கியம் நுழைந்துவிட்டால், மற்ற ஆயிரம் பதில்களையும் யாரும் நம்பமாட்டார்கள்.

விளையாட்டில் வந்த வினை

இந்தச் சண்டை விர்ச்சுவல் ரியாலிட்டிக்கு முன்பே வீடியோ கேம்களில் தொடங்கிவிட்டது. எட் ஓபேனன் என்பவர் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து வீரர். நண்பர் வீட்டில் ஒரு கேமில் தன்னையே பார்த்தார். பெயர் இல்லை. ஆனால் அதே அணி, அதே 31-ம் எண், அதே இடது கை. 2009-ல் வழக்குப் போட்டார். மற்ற வீரர்களின் வழக்குகளும் சேர்ந்துகொள்ள, கேம் நிறுவனமான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸும் உரிமம் வழங்கிய நிறுவனமும் 4 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. கல்லூரி ஃபுட்பால் கேம் 2013-க்குப் பிறகு வெளிவராமல் நின்றுபோனது. 2024-ல் திரும்பி வந்தபோது, கேமில் இடம்பெறச் சம்மதித்த வீரர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். பெயரை எடுத்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்ற கணக்கு பலிக்கவில்லை.

எல்லோரும் ஜெயிப்பதில்லை. பனாமாவின் முன்னாள் சர்வாதிகாரி நொரியேகா, 'கால் ஆஃப் டியூட்டி' கேமில் தன்னைக் கெட்டவனாகக் காட்டியதாகச் சிறையிலிருந்தே வழக்குப் போட்டார். 2014-ல் அது தள்ளுபடியானது. வரலாற்றில் இடம்பெற்றவரைக் கதையில் காட்டுவது பேச்சுரிமை என்பது வாதம். அது சரி என்றே எனக்கும் படுகிறது.

நம் ஊரில் 2014-ல் வந்த 'கோச்சடையான்' படத்தை மறந்திருக்கமாட்டீர்கள். ரஜினிகாந்தின் அசைவுகளைப் பதிவு செய்து எடுத்த அந்தப் படத்தில், 2009-ல் மறைந்த நாகேஷும் தோன்றினார். பலர் கைதட்டினார்கள். 2024-ல் 'லால் சலாம்' படப் பாடலுக்கு மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களை ஏ.ஆர்.ரஹ்மான் பயன்படுத்தியபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். நீதிமன்றங்களும் இதைக் கவனிக்கின்றன. 2015-ல் ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்திலும், 2023-ல் அனில் கபூர் டெல்லி உயர் நீதிமன்றத்திலும் தங்கள் பெயரையும் உருவத்தையும் அனுமதியின்றிப் பயன்படுத்தத் தடை வாங்கினார்கள். நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014-ல் இறக்கும் முன்பே, 2039 வரை தன் உருவத்தை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதி வைத்திருந்தார்.

இவர்கள் எல்லோரும் பிரபலங்கள். வக்கீல் வைக்க வசதி உள்ளவர்கள். நாம்?

முகம் மட்டும் அல்ல

ஃபோட்டோ கொடுக்காவிட்டால் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறீர்களா? 2020-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 511 பேருக்கு விர்ச்சுவல் ரியாலிட்டி வீடியோக்களைக் காட்டினார்கள். தலையும் கைகளும் அசைந்த விதத்தை மட்டும், ஆளுக்கு 5 நிமிடத்துக்கும் குறைவாகப் பதிவு செய்து கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். யார் யார் என்பதை அது 95 சதவீதம் சரியாகச் சொல்லிவிட்டது. நம் உயரமும், தலை சாய்க்கும் பழக்கமும், கை நீட்டும் வேகமும்கூட கைரேகை மாதிரிதான். கார்ட்டூன் பூனை வேடத்தில் உள்ளே போனாலும் நடை காட்டிக்கொடுத்துவிடும்.

எனவே அவதார் தயாரிக்கும் புரோகிராம் எதையாவது உங்கள் கம்ப்யூட்டரில் நிறுவினால், படம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே மாற்றப்படுகிறதா, அவர்களுடைய சர்வருக்குப் போகிறதா என்று விதிமுறைப் பக்கத்தில் பாருங்கள். அழிக்கும் வசதி இருக்கிறதா என்பதையும் நிறுவும் முன்பே தேடுங்கள். அடுத்தவர் முகத்தை ஏற்றும்போது அவரிடம் கேளுங்கள். வகுப்பு ஆசிரியரின் உருவத்தைச் செய்து கேமில் ஓடவிடுவது பையன்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அந்த உருவத்தை அடித்து விளையாடினால் அவருக்கு எப்படி இருக்கும் என்று பெற்றோர்தான் சொல்ல வேண்டும். உருவ ஃபைலும் மற்ற ஃபைல்கள் போலத்தான். பென் டிரைவில் ஒரு நொடியில் காப்பி ஆகிவிடும். காப்பி எங்கே போனது என்று பிறகு தேட முடியாது.

ஆரம்பத்தில் சொன்ன தாத்தாவின் வீடியோ இருக்கிறதே, அவர் நலமாக இருக்கும்போதே அவரிடம் பேசிவிடுங்கள். என் பேரன் பேத்திகள் பார்க்கட்டும் என்று அவர் சொல்லலாம். வீட்டுக்குள் மட்டும் என்று சொல்லலாம். கேமராவைப் பார்த்து அவரையே சொல்லச் சொல்லிப் பதிவு செய்து, அதையும் அதே ஃபோல்டரில் தேதியோடு போட்டு வையுங்கள். வேண்டாம் என்று சொன்னாலும் பதிவு செய்யுங்கள். 20 வருடம் கழித்து அந்த ஃபோல்டரைத் திறப்பவர் நீங்களாக இல்லாமல் போகலாம்.