சிலுவையடியில் எழுந்த ஒரு கேள்வி

2025 ஜனவரி 12 ஆம் திகதி, ஸ்பெயின் நாட்டின் அல்கலா தெ எனாரெஸ் பேராலயத்தில், 33 வயதில் மரித்த ஓர் அயர்லாந்துத் துறவியின் புனிதர் பட்டத்திற்கான மறைமாவட்ட விசாரணை ஆரம்பமாயிற்று. அருட்சகோதரி கிளேர் குரொக்கெட் இப்போது ‘இறை ஊழியர்’ என அழைக்கப்படுகின்றார். வணக்கத்திற்குரியவர், அருளாளர் என்னும் படிகளைக் கடந்தே ஒருவர் புனிதராகின்றார். ஆகவே, முடிவைத் திருச்சபையிடமே விட்டுவிடுவோம். எனினும் அவரது இளமையில் நிகழ்ந்த ஒரு சம்பவம் குருக்களாகிய எம்மையும் பெற்றோராகிய உங்களையும் சற்று நின்று சிந்திக்க வைக்கின்றது.

1982 நவம்பர் 14 இல் வட அயர்லாந்தின் டெரி நகரில் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் கிளேர் பிறந்தார். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் பகைமையில் பிளவுண்டு கிடந்த நகரம் அது. அங்கே ‘கத்தோலிக்கர்’ என்பது நீர் எந்தத் தரப்பைச் சார்ந்தவர் என்பதற்கான அடையாளமாகவே பலருக்கு இருந்தது. அந்த வெறுப்பின் நடுவே கடவுளுக்கு இடமே இருக்கவில்லை எனக் கிளேரே பின்னாளில் கூறியுள்ளார். அவருடைய கனவெல்லாம் நடிப்பு. 15 வயதிலேயே தொலைக்காட்சியில் இளைஞர் நிகழ்ச்சி நடத்தினார். மதுவும் புகையும் களியாட்டமும் உடன்வந்தன.

2000 ஆம் ஆண்டு, செலவின்றி ஸ்பெயின் செல்லலாம் என்று தோழியொருத்தி அழைக்க, கடற்கரை உல்லாசம் என எண்ணிக் கிளேர் சம்மதித்தார். அது புனித வாரத் தியானம் என்பது பின்னரே தெரிந்தது. பயணச்சீட்டில் பெயர் பதிவாகிவிட்டதால் மறுக்கவும் இயலவில்லை! பெரிய வெள்ளியன்று வரிசையில் சென்று திருச்சிலுவையை முத்தி செய்தார். வழிபாடு முடிந்தபின் அவர் அழுதுகொண்டிருப்பதை ஓர் அருட்சகோதரி கண்டார். இயேசு எனக்காக மரித்தார்; இதை ஏன் எவருமே எனக்குச் சொல்லவில்லை என்பதே அவரது அழுகை.

திருமுழுக்குப் பெற்று, கத்தோலிக்கர் நடுவே வளர்ந்த 17 வயதுப் பெண்ணின் கேள்வி இது. பெரிய வெள்ளியில் நம் ஆலயங்களிலும் அவ்வரிசை நீள்கின்றது. பிள்ளையைத் தூக்கிப்பிடித்து முத்தி செய்விக்கின்றோம். அதன் காதில் என்ன சொல்கின்றோம்?

உடனே அவர் மாறிவிடவில்லை. ஊர் திரும்பி, ‘பிளடி சண்டே’ திரைப்படத்தில் சிறு வேடமேற்றார். பழைய வாழ்வும் தொடர்ந்தது. ஆயினும் அக்கேள்வி அவரை விடவில்லை. குடும்பத்தாரின் எதிர்ப்பையும் மீறி 2001 ஓகஸ்ட் 11 அன்று ஸ்பெயினில் ‘அன்னையின் இல்லம்’ சபையில் இணைந்தார். 2010 இல் நிரந்தர வார்த்தைப்பாடு அளித்தார்.

இறுதிப் பணித்தளம் எக்குவடோர் நாட்டின் பிளாயா பிரியெட்டா. அங்கு ஏழைப் பிள்ளைகள் பயிலும் பாடசாலையில் கிற்றாரும் கையுமாகப் பாடிக் கற்பித்தார். 2016 ஏப்ரல் 16 மாலை 7.8 அளவிலான பூமியதிர்ச்சியில் கட்டடம் இடிந்து வீழ்ந்தது. அவரோடு ஐந்து இளம் பெண்களும் மரித்தனர்.

அவரது உடல் டெரிக்கு எடுத்துவரப்பட்டு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது. எவரும் தமக்குச் சொல்லவில்லையே என அவர் அழுதாரே, அந்தச் செய்தியைத் தேடி இன்று அவரது கல்லறைக்கு இளைஞர் வருகின்றனர்.