பெயர் பின்னர், சிகிச்சை முன்னர்



தலைமையாசிரியராக இருந்த காலத்தில் நான் செய்த பிழையொன்றை முதலில் ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் நன்கு பயின்ற மாணவன் ஒருவன் நண்பர்களை விட்டு விலகினான். இரவில் உறக்கமின்றித் தவித்தான். தேர்வு அச்சமே காரணம் என்று அவன் தந்தைக்கு உறுதி கூறினேன். இரண்டு மாதங்கள் கழிந்தன. பின்னர், ஆளில்லாத இடத்தில் குரல்கள் கேட்பதாக அவன் கூறத் தொடங்கினான். மருத்துவர் சீட்டில் ‘வகை குறிப்பிடப்படாத மனப்பிறழ்வு’ என்று எழுதினார். “பெயரே தெரியாத நோய்க்கு மருந்து எதற்கு, ஐயா?” என்று தந்தை என்னைக் கேட்டார். விடையறியாது மௌனமானேன். மருந்து நின்றது, மூன்றே மாதங்களில் நோய் கடுமையாகத் திரும்பியது.

அன்று கூறத் தவறிய விடையை இன்று கூறுகிறேன்.

மனப்பிறழ்வு என்பது, காய்ச்சலைப் போல, பல நோய்களுக்குப் பொதுவான ஒரு நிலை. இல்லாத குரல் கேட்பதும், ஆதாரமற்ற ஐயத்தை உறுதியாக நம்புவதும் அதன் அறிகுறிகள். மனச்சிதைவு நோய் அதற்கு ஒரு காரணம். மிகுந்த மனச்சோர்வு, அளவிறந்த மனவெழுச்சி, கஞ்சா, மூளையைத் தாக்கும் நோய்கள் ஆகியனவும் காரணமாகலாம். தொடக்க வாரங்களில் இவை ஒன்றுபோலவே தோன்றுவதுண்டு.

இவற்றைப் பிரித்தறியக் காலம் துணைபுரிகிறது. ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பெலின், நோயாளியின் ஒருநாள் தோற்றத்தை மட்டும் கொள்ளாது, நோய் பல ஆண்டுகள் சென்ற போக்கையும் நோக்கியே மனநோய்களை வகுத்தார். அவர் ‘இளமையில் வரும் அறிவழிவு’ என்ற பொருளில் அழைத்த நோய்க்கு, 1908ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் பிளாய்லர் ‘ஸ்கிசோஃப்ரினியா’ என்று புதுப்பெயர் இட்டார். எல்லோருக்கும் அறிவு அழிவதில்லை என்பதை அவர் கண்டிருந்தார். இன்று மனச்சிதைவு என்று துணிவதற்கு, முக்கிய அறிகுறிகள் ஒரு மாதமேனும் நீடிக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் பகுப்பு. நோயின் அடையாளங்கள் ஆறு மாதங்களேனும் தொடரவேண்டும் என்கிறது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் பகுப்பு.

ஆகவே, ‘வகை குறிப்பிடப்படாத’ என்ற சொல் மருத்துவரின் அறியாமையைக் காட்டுவதன்று; அவசரப்பட்டுத் தீர்ப்பெழுதாத நேர்மையைக் காட்டுவது. காலாண்டுத் தேர்வின் விடைத்தாளைக் கண்டு ஆண்டிறுதி முடிவை நாம் எழுதுவதில்லை; ஆயினும் பின்தங்கிய மாணவனுக்கு உடனே துணைபுரிகிறோம் அன்றோ? சிகிச்சையும் அவ்வாறே. மனப்பிறழ்வு கவனிப்பாரின்றி நீடிக்க நீடிக்க, குணமடைவது கடினமாகிறது. தொடக்க காலத்தில் தற்கொலை அபாயமும் மிகுதி.

இப்பொதுப் பெயரைப் பெற்றவருள் சிலர் முழு நலம் பெறுவர். சிலருக்கு வேறு நோய் என்று தெரியவரும். சிலருக்கு மனச்சிதைவு என்று உறுதியாகும். பொதுப்பெயரைக் கேட்டு அலட்சியம் கொள்வதும் தவறு. மனச்சிதைவு என்றதும் வாழ்வே முடிந்தது என்று கலங்குவதும் தவறு. மருந்தை நிறுத்துவதாயின், அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். எங்கே செல்வதென்று அறியாதோர், அரசின் டெலி மானஸ் எண்ணாகிய 14416ஐ அழைக்கலாம்.

அம்மாணவனுக்கு ஓராண்டுக்குப் பின் மனச்சிதைவு என்றே உறுதியாயிற்று. இன்று அவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறார், மருந்தும் தொடர்கிறது. சென்ற பொங்கலன்று என்னைக் காண வந்திருந்தார். என் பிழையை அவரிடமும் ஒப்புக்கொண்டேன்.