படம் நடப்பது எப்படி?

கார்ட்டூன் படத்தில் யானை நடப்பதைக் காணும் குழந்தை, "அதை யார் நடக்க வைக்கிறார்?" என்று கேட்கும்போது, ஏதோ மாயம் என்று தட்டிக் கழிப்போரே நம்மில் மிகுதி. விடை அத்துணைக் கடினமானதன்று.

கிறிஸ்து பெருமானின் வாழ்க்கையைக் காட்டிய மௌனப் படமொன்றை அந்நாளைய பம்பாயில் கண்டு மனம் பறிகொடுத்தவர் தாதாசாகேப் பால்கே. தாமும் படம் எடுக்க விழைந்தார், கையில் பணமில்லை. 1912ஆம் ஆண்டில் தொட்டியொன்றில் பட்டாணியை விதைத்து, அதன் எதிரே காமிராவை நிறுத்தி, ஒரு மாதத்துக்கும் மேலாகச் சிறிது சிறிதாகப் படம் பிடித்தார். திரையிலோ ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முளை எழுந்து செடியாயிற்று! அதனைக் கண்ட பின்னரே பண உதவி கிடைத்தது. 1913இல் 'ராஜா அரிச்சந்திரா' வெளிவந்தது.

கார்ட்டூனும் இவ்வாறே. திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் அசையாப் படமே. ஒன்றுக்கொன்று சிறிதே வேறுபடும் அவற்றை அசைவாக இணைத்துக்கொள்வது நம் மூளை.

கிளியனூர்ப் பக்கத்துச் சிறுவருக்குப் பட்டாணி எதற்கு? மணிலாக்கொட்டை போதும். ஈர மண்ணில் ஒன்றை ஊன்றச் செய்வோம். நாள்தோறும் அதனைப் பார்த்து, பழைய நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில், தாளுக்கு ஒன்றாக, அதே இடத்தில் வரையட்டும். (கோணலாயிருப்பின் நாம் திருத்த வேண்டா.) இருபது தாள்கள் சேர்ந்ததும் கட்டைவிரலால் விரைந்து புரட்டினால் செடி வளரும். பின்னிருந்து புரட்டினால் மண்ணுக்குள் மறையும். பிள்ளைகள் அதற்கே அதிகம் சிரிப்பர்.