துயருக்கும் சினத்துக்கும் பௌத்தர் கண்ட மருந்து

நாஞ்சில் நாட்டு வயல் வரப்பில் நின்று வடதிசை நோக்கினால், மலைத்தொடர் நீலமாய்ப் படர்ந்து செல்வது தெரியும். அத்தொடரில் அப்பால் உயர்ந்து நிற்பதே அகத்தியர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பொதியில். அவர் தமிழை யாரிடம் கற்றார் என்று கேட்டால், நம்மில் பலர் சிவபெருமானிடம் என்போம். பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரரோ, அவலோகிதர் என்னும் போதிசத்துவரிடம் என்று எழுதி வைத்தார். அவ்வழக்கை ஈண்டுத் தீர்க்க வேண்டுவதில்லை. பௌத்தம் நமக்கு அயல் வீட்டுச் சரக்கன்று என்பது தெரிந்தால் போதும். மேனாட்டு மருத்துவசாலைகள் இன்று மன நோவுக்கு மருந்தாகக் கற்பிக்கும் பௌத்த தியானத்தைப் பற்றி நாமும் விசாரித்தறிவது தகும்.

நேயர்களிற் சிலர் படாசாரையின் சரித்திரத்தைக் கேட்டிருக்கலாம். ஓர் இரவும் பகலும் கழிவதற்குள் அவளது கணவனைப் பாம்பு தீண்டிற்று. பச்சிளங் குழந்தையைப் பருந்து கொண்டு போயிற்று. மூத்த மகனை ஆற்று வெள்ளம் அடித்துச் சென்றது. பிறந்தகம் புயலில் இடிந்து, பெற்றோரும் உடன்பிறந்தானும் மாண்டனர். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் காலையில் குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் புகுந்ததை அறிந்த நமக்கு, இது வெறும் கதையாகத் தோன்றாது. ஆடை நழுவியதும் அறியாமல் சித்தம் பேதலித்துத் திரிந்தவளைச் சகோதரி என்று விளித்து, நினைவை மீளப் பெறும்படி புத்தர் முதலிற் கூறினாராம். ஆறுதலும் உபதேசமும் அதன் பின்னரே வந்தன. தேரிகாதைக்கு உரை வகுத்து இச்சரித்திரத்தை விரித்துரைத்த தம்மபாலர், தமிழ்நாட்டுப் பதரதித்த விகாரத்தில் வாழ்ந்தவர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

அந்த 'நினைவு' பாலி மொழியில் 'ஸதி' எனப்படும். பழையதை எண்ணி ஏங்கும் நினைவன்று அது; இப்போது நடப்பதை அறிந்திருக்கும் விழிப்பு. உடல், நுகர்ச்சி, சித்தம், சித்தத்தில் எழும் பொருள்கள் ஆகிய நான்கையும் இவ்விழிப்போடு நோக்குமாறு ஸதிபட்டான சூத்திரம் கூறுகிறது. சித்தத்தில் வெறுப்பு இருந்தால், வெறுப்பு இருக்கிறது என்று அறிதல். நீங்கினால், நீங்கிற்று என்று அறிதல். இவ்வளவுதானா என்று கேட்கத் தோன்றும். ஆனால் நம் மொழியையே சற்றுக் கவனியுங்கள். 'எனக்குக் கோபம் வருகிறது' என்கிறோம். வருவது வேறு, அது வந்து சேரும் நான் வேறு என்பதை நம் பாட்டிமார் பேச்சிலேயே வைத்திருக்கிறார்கள்! வந்தவனுக்கு நாற்காலி போட்டு உபசரிக்கவும் வேண்டாம். கழுத்தைப் பிடித்துத் தள்ளவும் வேண்டாம். நெஞ்சில் எழும் வெம்மையையும் தோளின் இறுக்கத்தையும் மூச்சின் விரைவையும் பார்த்துக்கொண்டிருந்தால், அவை மாறுவது தெரியவரும்.

பார்ப்பது மட்டும் எல்லா வேளையிலும் போதாது. தீய எண்ணம் ஓயாது சுழன்றால் செய்யத்தக்கவை ஐந்து என்று மற்றொரு சூத்திரம் வகுக்கிறது. தச்சன் நுண்ணிய ஆப்பை அடித்துப் பருத்த ஆப்பை வெளியேற்றுவதுபோல நல்லெண்ணத்தைப் புகுத்துவது முதலாவது. எண்ணத்தின் தீங்கை ஆராய்தல், அதனைப் பொருட்படுத்தாது விடுதல், அதன் விசையைப் படிப்படியாகத் தணித்தல் என்பன பின்வருவன. பற்களைக் கடித்துக்கொண்டு மனத்தை அடக்குவது கடைசி. வீட்டுப்பாடம் எழுதாத நாற்பது பிள்ளைகளின் முன் நிற்கும் உபாத்தியாயர்கள் பெரும்பாலும் ஐந்தாவதிலிருந்தே தொடங்குகிறோம்!

சினத்துக்கு மணிமேகலையில் ஓர் அரிய காட்சி உண்டு. மகன் உதயகுமரனை இழந்த அரசமாதேவி, மணிமேகலைக்குப் பித்தேற்றும் மருந்து ஊட்டினாள். நோயென்று பொய் சொல்லி அறையிலடைத்துப் பட்டினியிட்டாள். கொடுமையெல்லாம் பலியாது போக, அஞ்சி நடுங்கினாள். அவளைப் பார்த்து மணிமேகலை, நீ அழுவது உடலுக்கா உயிருக்கா என்று வினவுகிறாள். உடலுக்கென்றால் அதனைச் சுடுகாட்டுக்கு அனுப்பியது யார்? உயிருக்கென்றால் அது சென்று புகுந்த இடத்தை யார் அறிவார்? அம்மகன்மேல் அன்பிருந்தால் எவ்வுயிர்க்கும் இரங்கவேண்டும் என்கிறாள். காஞ்சியில் சில காலம் தங்கியிருந்த புத்தகோஷரின் விசுத்திமார்க்கமும் இதே போக்கில், நீ கோபிப்பது பகைவனுடைய தலைமயிரையா, நகத்தையா என்று பிரித்துப் பிரித்துக் கேட்கிறது. அதனாலும் சினம் ஆறாவிட்டால், அவனுக்கு ஒரு பொருளைப் பரிசாகக் கொடுத்துப் பார் என்கிறது. இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

இம்முறை ஏட்டோடு நின்றுவிடவில்லை. பர்மாவில் பிறந்த கோயங்கா, 1969-இல் இந்தியாவுக்கு வந்து விபாசனா பயிற்சியைப் பரப்பினார். 1994 ஏப்ரலில் தில்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கைதிகள் பத்து நாள் மௌனமாக அமர்ந்தனர். அமெரிக்காவில் மாஸச்சூஸெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில் ஜான் கபாட்-ஜின் 1979-இல் தொடங்கிய பயிற்சியில், நாட்பட்ட நோவுடையோர் மதச் சடங்கின்றி இதையே கற்றனர்.

எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். உறக்கமும் உணவும் கெட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுவோர் முதலில் மருத்துவரை நாட வேண்டும். பெருந்துயர் கண்ட சிலருக்குக் கண்மூடித் தனித்திருப்பதே அச்சத்தை வளர்ப்பதுண்டு; அவர்களை வற்புறுத்துதல் தகாது.

சென்னைக்கருகே திருமுடிவாக்கத்திலும் விபாசனா நிலையம் உண்டு. கட்டணம் இல்லை, காணிக்கையால் நடைபெறுகிறது. பத்து நாள் வீட்டை விட்டுச் செல்ல இயலாதவர்கள், விடியற்காலையில் பத்து நிமிஷம் முதுகு நிமிர்ந்து அமர்ந்து மூச்சைக் கவனிக்கலாம். அடுக்களையில் பாத்திரம் உருளும். அடுத்த வீட்டு ஒலிபெருக்கி அலறும். அப்போது எழும் எரிச்சலையே அன்றைய பாடமாக வைத்துக்கொள்ளலாம்.