பயிற்சி மூன்று மணிக்கு, லேப் இரண்டு மணிக்கு

பிற்பகல் மூன்று மணிக்கு நீச்சல் குளத்தில் இருக்க வேண்டும் என்கிறார் கோச். இரண்டு மணிக்குத் தொடங்கும் உயிரியல் லேப் ஐந்து மணிவரை ஓடும். அமெரிக்கக் கல்லூரியில் விளையாட்டு உதவித்தொகையில் சேர்ந்து, கடல் உயிரியல் பக்கம் மனம் போகிற மாணவருக்குத் தலைவலி பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பம்.

நம்மூர் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைத்ததும் பாதி வேலை முடிந்தது. அங்கே அதற்குப் பிறகுதான் கணக்கு வழக்கே தொடங்குகிறது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ, முதல் பிரிவு அணிகளுக்குப் போட்டிக் காலத்தில் வாரம் 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம் என்று பயிற்சிக்கு வரம்பு வைத்திருக்கிறது. வாரம் ஒரு நாள் ஓய்வு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் போட்டி நாள் முழுவதும் ஓடினாலும் ஏட்டில் 3 மணி நேரம்தான் ஏறும். வெளியூர்ப் பயணமும் காயத்துக்கான சிகிச்சையும் கணக்கிலேயே வராது. வியாழக்கிழமை பஸ் ஏறி ஞாயிறு இரவு திரும்புகிறவர், வெள்ளிக்கிழமை லேபை எந்த நேரத்தில் செய்வார்?

இதைவிடக் கடினமான முடிச்சு ஒன்று உண்டு. முதல் பிரிவு வீரர் மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது தன் பட்டப்படிப்பில் 40 சதவீதத்தை முடித்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டில் 60, ஐந்தாம் ஆண்டிலும் ஆடுவதென்றால் 80. 120 கிரெடிட் பட்டத்தில் இது 48, 72, 96. மூன்றாம் ஆண்டுக்குள் எந்தப் பட்டம் என்றும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். விளையாடவிட்டுப் பட்டமில்லாமல் அனுப்பிவிடக் கூடாது என்று வந்த விதிதான். ஆனால் வணிக நிர்வாகம் படித்துக்கொண்டிருந்தவருக்கு இரண்டாம் ஆண்டு முடிவில் கடல்மேல் ஆசை வந்தால், அதுவரை எடுத்த பாடங்களில் பல புதிய பட்டத்துக்கு உதவாது. சதவீதம் சரிந்தால் அணியில் ஆட முடியாது. எனவே லேசான சபலம் இருந்தால்கூட முதல் ஆண்டிலேயே பொது வேதியியல், பொது உயிரியல், கால்குலஸ் மூன்றையும் எடுத்துவிடுவது புத்திசாலித்தனம். மனம் மாறினாலும் வேறு அறிவியல் பட்டத்துக்கு அவை கைகொடுக்கும்.

அடுத்தது கடல். அலை வற்றும் நேரத்தைக் கோச்சும் மாற்ற முடியாது, பேராசிரியரும் மாற்ற முடியாது. பாறைக் கரையில் சதுரச் சட்டம் ஒன்றை வைத்து, அதற்குள் ஒட்டியிருக்கும் கொட்டலசுகளை எண்ண வேண்டும் என்றால், நீர் இறங்கும் விடியற்காலையில் வழுக்கும் பாசிமேல் குந்தித்தான் ஆக வேண்டும். டியூக் பல்கலைக்கழகத்தின் வளாகம் வட கரோலினாவின் டர்ஹாமில். 1938-ல் தொடங்கிய அதன் கடல் ஆய்வகமோ போஃபோர்ட் அருகே பைவர்ஸ் தீவில், காரில் சுமார் மூன்று மணி நேரத் தொலைவில். அங்கே ஒரு செமஸ்டர் முழுக்கத் தங்கிப் படிக்கலாம். அணியில் இருப்பவருக்கு அது எட்டாக்கனி. சான் டியகோவில் நிலைமை வேறு: ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனம் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் அங்கம்தான். புளோரிடாவின் எக்கர்ட் கல்லூரிக்குக் கடல் வாசலிலேயே இருக்கிறது. அது ஆடுவது இரண்டாம் பிரிவில்.

மற்றவர்களுக்குத் திறக்கும் வாசல், கோடை. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்இயூ திட்டத்தில், பெரும்பாலும் பத்து வாரம், உதவித்தொகையோடு ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கலாம். கடல், வளிமண்டல அமைப்பான நோவாவின் ஹாலிங்ஸ் உதவித்தொகைக்கு இரண்டாம் ஆண்டில் விண்ணப்பிக்க வேண்டும். அதிலும் பத்து வாரக் கோடைப் பயிற்சி உண்டு. அரசுப் பணத்தை நம்பிய திட்டங்கள் இவை. நிதி சுருங்கினால் இடமும் சுருங்கும். கோடையிலும் பளு தூக்க வரச் சொல்லும் கோச்சிடம் இதற்கு அனுமதி கேட்பது தனிக் கலை.

விளையாட்டு உடம்பு உதவுகிற இடமும் இருக்கிறது. ஆய்வுக்காகக் கடலுக்குள் இறங்குவோருக்கு ஏஏயுஎஸ் அமைப்பு வைத்திருக்கும் தேர்வில், துணைச் சாதனம் இல்லாமல் 400 கெஜத்தை 12 நிமிடத்துக்குள் நீந்த வேண்டும்; நீருக்குள்ளேயே 25 கெஜம் போக வேண்டும். கல்லூரி நீச்சல் வீராங்கனை அந்த 400 கெஜத்தை ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டு, கரையில் காத்திருப்பார். அதன்பின் 100 மணி நேரப் பயிற்சியும், திறந்த நீரில் 12 முழுக்கும். அங்கே அவருடைய பழைய பழக்கமே காலை வாரும். குளத்தில் மூச்சை அடக்கியவருக்குத்தான் வேகம். ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது. அடக்கியபடி மேலே வந்தால் விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். வேகமும் வேண்டாத சரக்கு. துடுப்பை ஒரு தட்டுத் தட்டினால் அடிமணல் கிளம்பி, எண்ண வந்த மீனே தெரியாமல் போகும். மெல்ல மிதந்து, பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதக் கற்றுக்கொள்ளவே சிலருக்கு நாள் பிடிக்கிறது.

டால்பினோடு நீந்தும் வேலை என்று நினைத்து வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாளின் பெரும்பகுதி புள்ளியியலும் மாதிரிக் குப்பிகளும்தான். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறை கடல் உயிரியலாளர்களை விலங்கியல், காட்டுயிர் ஆய்வாளர்களோடு சேர்த்தே எண்ணுகிறது. 2023-ல் அந்தப் பிரிவின் இடைநிலை ஆண்டு ஊதியம் 70,600 டாலர். சொந்தமாக ஆய்வு நடத்த முதுகலையோ முனைவர் பட்டமோ வேண்டியிருக்கும்.

ஆகவே உதவித்தொகைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் கோச்சிடம் கேட்க வேண்டியவை சில. இப்போது அணியில் அறிவியல் படிப்பவர் எத்தனை பேர்? காலையில் பயிற்சி உண்டா? லேபும் பயிற்சியும் மோதினால் யார் விட்டுக்கொடுப்பது? கோச் மழுப்பினால், அதே அணியில் உயிரியல் படிக்கும் மூன்றாம் ஆண்டு மாணவரைத் தேடிப் பிடித்துப் பேசலாம்.