ஏமாற்றுதல் என்று சட்டம் எதைச் சொல்கிறது?

அம்மாபேட்டைக்குச் சங்கக் கணக்குகளைப் பார்வையிட வரும் நாட்களில், அங்கத்தினர் எவராவது ஒருவர் ஒரு மனுவின் நகலுடன் என்னை அணுகுவது வழக்கம். சென்ற முறை வந்தவர் நெசவாளர். தம் சொந்தத் தறியில் நெய்த வெண்பட்டு வேஷ்டிகளை வெளியூர் வியாபாரி ஒருவருக்குக் கடனாகக் கொடுத்தவர். பாதிப் பணம் வந்தது; மீதி வரவில்லை. "ஏமாற்றிவிட்டான், 420 போட வேண்டும்" என்பதே மனுவின் சாரம்.

420 என்ற எண் நம் பேச்சில் வசைச் சொல்லாகவே ஆகிவிட்டது. 1860ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த அப்பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவில் அடங்கியிருக்கிறது. எண் மாறிற்று, இலக்கணம் பழையதே. ஒருவரைப் பொய்யாக நம்பவைத்து, அந்த நம்பிக்கையின் பேரில் அவர் பொருளையோ பணத்தையோ கொடுக்கும்படி நேர்மையற்ற எண்ணத்துடன் தூண்டுவதே ஏமாற்றுதல் ஆகும். உண்மையை நேர்மையின்றி மறைப்பதும் அதில் சேரும் என்று சட்டமே விளக்கம் தருகிறது.

இப்பிரிவின் உதாரணங்களுள் ஒன்று விவசாயிகளுக்கென்றே எழுதியது போல் இருக்கிறது. அவுரிச் செடி தருவதாகச் சொல்லி ஒருவன் முன்பணம் வாங்குகிறான். வாங்கும்போதே தரும் எண்ணம் அவனுக்கு இல்லையென்றால் அது ஏமாற்றுதல். தரவேண்டுமென்றே எண்ணி வாங்கி, பிற்பாடு தராமல் போனால், அது ஒப்பந்த மீறல் மட்டுமே. பரிகாரம் சிவில் கோர்ட்டில்தான். அவுரி வியாபாரம் மங்கிய பின்னும் உதாரணம் நிலைத்திருக்கிறது.

ஆகவே கேள்வி, பணம் கைமாறிய நாளில் மனத்தில் இருந்தது என்ன என்பதே. மனத்தை யார் கண்டார் என்று கேட்கலாம். நடத்தையைக் கொண்டுதான் கண்டறிய வேண்டும். பொய் விலாசம் கொடுத்தாரா, மூடிய கணக்கின் செக் கொடுத்தாரா, ஒரே கதையைச் சொல்லிப் பலரிடம் வாங்கினாரா என்று பார்ப்பார்கள். பிற்பாடு வாக்குத் தவறினார் என்பதை மட்டும் வைத்து, முதலிலேயே கெட்ட எண்ணம் இருந்ததாக ஊகிக்கலாகாது என்று 2000ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் ஒரு பீகார் வழக்கில் கூறியிருக்கிறது.

பெருந்துறை ஈமு கோழி விவகாரம் நினைவிருக்கும். குஞ்சுகளும் மாதந்தோறும் பராமரிப்புத் தொகையும் தருவதாகச் சொல்லி, விவசாயிகளிடம் லட்சக்கணக்கில் முதலீடு பெற்றார்கள். 2012இல் அனைத்தும் சரிந்தது. அத்தகைய இடங்களில் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. அதன்படி சொத்துக்களை முடக்க இயலும்.

நம் பக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். போலி முத்திரை குத்துவதும், ஒரு மாதிரியைக் காட்டி வேறு சரக்கைத் தள்ளுவதும் அதே பிரிவின் உதாரணங்களாகவே உள்ளன. விசைத்தறித் துணியில் கைத்தறி முத்திரை ஒட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெறும் மௌனம், 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின்படி, பொதுவாக மோசடியாகாது. ஆயினும் வாங்குபவர் "அசல் ஜரிகைதானே?" என்று கேட்கும்போது, அது போலி எனத் தெரிந்தும் தலையசைத்தால் அது பேச்சுதான்.

இனி அந்த வேஷ்டி மனு. பாதிப் பணம் கொடுத்த வியாபாரி, கடையையும் விலாசத்தையும் மறைக்காதவர். கிரிமினல் வழக்கு நிற்பது கடினம் என்றேன். அவர் முகம் வாடிற்று. பில்லை வாங்கிப் பார்த்தேன். சரக்கு ஒப்படைத்து இரண்டு வருஷம் பத்து மாதம் ஆகியிருந்தது. தவணை எதுவும் குறிக்காமல் விற்ற சரக்கின் விலைக்கு, ஒப்படைத்த நாளிலிருந்து மூன்று வருஷத்துக்குள் சிவில் வழக்குத் தொடுக்க வேண்டும். போலீஸ் நிலையத்துக்கு அலைந்ததிலேயே அவருக்கு ஒரு வருஷம் போயிருந்தது. மறுநாள் காலை பில்லுடன் வக்கீல் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிச் சென்றார்.