அட்டை வளர்ந்த ஊரில் டேப்லெட்

மைசூரு மாவட்டத்தின் ஹெக்கடதேவனகோட்டை வட்டாரத்தில் 1995-ல் தொடங்கியது ‘நலி கலி’. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளைத் தாமே எடுத்து, அவரவர் வேகத்தில் படிக்கும் முறை. ஆந்திரத்தின் ரிஷிவேலியில் கற்றுவந்தது. தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலுக்கும் ஊற்று ரிஷிவேலிதான். மைசூருவில் ஒன்றாம் வகுப்புக்கு டேப்லெட் வாங்கச் சொல்லும் பள்ளியிடம் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது: அந்த அட்டை செய்யாத எதை இது செய்கிறது?

நல்ல பதில்கள் இருக்கின்றன. பிள்ளை வாசிப்பதைப் பதிவுசெய்து அதன் காதுக்கே திரும்பக் கேட்கவைக்கலாம். திணறிய இடத்தைப் பிள்ளையே கண்டுகொள்ளும். வீட்டில் தமிழும் வகுப்பில் கன்னடமும் பேசும் பிள்ளைக்கு ஒரே கதையை இரு மொழியிலும் ஒலிக்கவிடலாம். நான்கு பேருக்கு ஒரு கருவி போதும். கதையை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, “அப்புறம் என்ன நடக்கும்?” என்று ஆசிரியர் கேட்க வேண்டும். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் அது வெறும் படம் பார்ப்பதுதான்.

எவ்வளவு நேரம் என்பதும் கேள்விதான். 2020 ஜூனில் கர்நாடக அரசு ஐந்தாம் வகுப்பு வரை இணையவழி வகுப்புகளுக்குத் தடை போட்டது. ஜூலை 8-ல் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது; கல்வியுரிமையைப் பறிப்பதாகும் என்றது. ஒரு வாரத்துக்குள் மத்திய அரசின் ‘பிரக்யாதா’ வழிகாட்டி வந்தது: ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு 30–45 நிமிட அமர்வுகள் இரண்டு, அதற்குமேல் வேண்டாம். கொரோனா ஊரடங்குக்காக எழுதியதானாலும், வீட்டுப்பாடத்தையும் செயலியிலேயே கொடுக்கும் பள்ளியிடம் இன்றும் எடுத்துக்காட்டலாம்.

திரையால் வரும் கண் வலியைக் கவனிக்கும் நாம் கவனிக்காதது தகவல் திருட்டு. 2022-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 49 நாட்டு அரசுகள் பரிந்துரைத்த 160-க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தது. பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு பிள்ளைகளின் உரிமைக்கு ஊறு செய்யக்கூடியவை என்றது. நம் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் தகவலைத் திரட்டப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. பிள்ளைகளைக் குறிவைக்கும் விளம்பரத்தைத் தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். கற்பித்தலுக்கும் பாதுகாப்புக்கும் மட்டும் பள்ளிகளுக்குச் சில விலக்குகள் உண்டு. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. ஒப்புதல் போன்ற கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே அமலாகும். அதுவரை நம் கண்தான் காவல்.

ஆகவே எழுத்தில் கேளுங்கள்: எந்தச் செயலி, என்ன தகவல், எப்போது அழிப்பீர்கள்? வாய்ப்பேச்சு பின்னால் நிற்காது. பதில் வராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள். அரசுப் பள்ளியானால் பள்ளி மேம்பாட்டு, கண்காணிப்புக் குழுவின் (எஸ்.டி.எம்.சி.) கூட்டத்தில் எழுப்புங்கள், அங்கே பெற்றோரும் உறுப்பினர்கள். செயலிக்குக் கட்டிய பணம் திரும்பாவிட்டாலோ, கேட்காமல் சந்தா பிடித்தாலோ நுகர்வோர் உதவி எண் 1915. இணைய மோசடியில் பணம் போனால் தாமதிக்காமல் 1930. யாராவது பிள்ளையைத் தொல்லை செய்தால் 1098. இந்த மூன்று எண்களையும் இன்றே கைபேசியில் ஏற்றிவையுங்கள்.